பன்னிரண்டு மணி நேர ஊர்

1889 மார்ச் மாதம், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கும் பிராடக் என்ற சிற்றூரில் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி ஒரு நூலகத்தைத் திறந்து வைத்தார். அவர் பணத்தில் உலகெங்கும் எழுந்த நூலகங்கள் 2,509 என்று கணக்குச் சொல்வார்கள். அமெரிக்க மண்ணில் அந்த வரிசையில் முதலாவது இதுதான். படிக்கும் அறைகள் மேலே, குளியலறைகள் கீழே. எஃகு ஆலையிலிருந்து வருகிறவர்கள் கரியும் வியர்வையும் போகக் குளித்துவிட்டு, மேலே வந்து புத்தகத்தைக் கையில் எடுக்கலாம் என்பது ஏற்பாடு.

அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே ஊரில், அதே கார்னகியின் எட்கர் தாம்சன் ஆலையில், எட்டு மணி நேரமாக இருந்த வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக மாற்றியிருந்தார்கள். ஆட்கள் மறுத்தார்கள். ஆலை மூடப்பட்டது. பிங்கர்ட்டன் நிறுவனத்தின் கூலிக் காவலர்கள் வந்து இறங்கினார்கள். பல மாதம் தாக்குப்பிடித்த பிறகு, பசி தாங்காமல் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார்கள்.

இந்த இரண்டு செய்திகளையும் நான் வெவ்வேறு இடங்களில் படித்தேன். நூலகத்தின் கதையில் ஷிப்ட் மாற்றம் இல்லை. ஷிப்ட் மாற்றத்தின் கதையில் நூலகம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பிட்ஸ்பர்க்கின் வரலாறு எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. எத்தனை டன் எஃகு, எத்தனை கோடி டாலர் என்று எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். அந்த ஊரின் மனிதர்களுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சொந்தமாக இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஊரின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து அலகேனி ஆறும் தெற்கிலிருந்து மனாங்கஹீலா ஆறும் வந்து கூடி ஒஹாயோ ஆறாகிற முனையில் நகரம் இருக்கிறது. அந்த முனைக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அடித்துக்கொண்டார்கள். 1758 இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வில்லியம் பிட் என்ற அரசியல்வாதியின் பெயர் ஊருக்கு வந்தது. சுற்றியிருக்கும் குன்றுகளுக்குள் நிலக்கரி. இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறி நின்று படம் எடுக்கும் மவுண்ட் வாஷிங்டனுக்குப் பழைய பெயரே கரிக்குன்றுதான். கரி, அதைச் சுமக்க ஆறுகள், பிறகு ரயில். மிச்சத்தை மனிதர்கள் செய்தார்கள்.

கார்னகி 1848 இல் வந்தார். ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் ஊர்க்காரர். அப்பா கைத்தறி நெசவாளி. நீராவித் தறிகள் வந்ததும் பிழைப்புப் போய், குடும்பமே கடல் கடந்து ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அலகேனி நகருக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் பஞ்சாலையில் நூல்கண்டு மாற்றும் வேலைக்குப் போனான். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். அந்த நேரத்தின் கனம் என்ன என்பதைக் கார்னகிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அடுத்து தந்தி அலுவலகத்தில் செய்தி கொண்டுபோகும் பையன் வேலை. அந்த ஊரில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்றொரு கர்னல் இருந்தார். வீட்டில் சுமார் 400 புத்தகங்கள். சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகும் பையன்களுக்கு அவற்றைத் திறந்துவிட்டார்; ஒரு புத்தகம் எடுத்துப் போய் அடுத்த சனிக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். பிறகு அந்த நூலகம் பெரிதானபோது, தொழில் பழகுகிற பையன்களுக்கு மட்டும் இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. பதினேழு வயது கார்னகி பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சண்டை போட்டார். விதி மாறியது. பின்னாளில் ஆண்டர்சனுக்கு அதே ஊரில் நினைவுச்சின்னமும் எழுப்பினார். நூலகங்கள் மீது அவருக்கு இருந்த பற்று வெறும் விளம்பரம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அது உண்மையான நன்றி.

ஆனால் அந்த நன்றி அவருடைய ஆலைக் கணக்குப் புத்தகத்துக்குள் நுழையவே இல்லை.

ரயில் கம்பெனியில் உயர்ந்து, முதலீடுகளில் பணம் சேர்த்து, 1875 இல் பிராடக்கில் தண்டவாளம் வார்க்கும் எஃகு ஆலையைத் தொடங்கினார். பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர் பெயரையே ஆலைக்கு வைத்தார். தண்டவாளத்தை வாங்கப்போகிறவர் அவர்தானே. அந்த ஆலையை நடத்தியவர் பில் ஜோன்ஸ். உள்நாட்டுப் போரில் கேப்டனாக இருந்தவர், அதனால் கடைசிவரை எல்லோருக்கும் ‘கேப்டன்’. பிட்ஸ்பர்க்கின் பெரிய பெயர்கள் வரிசையில் இவரை யாரும் வைப்பதில்லை. எனக்கு இவர்தான் முதல் ஆள்.

ஜோன்ஸ் தொழிலாளியாகத் தொடங்கி மேலே வந்தவர். உலையின் முன்னால் நின்றவர். பன்னிரண்டு மணி நேரம் ஓயாமல் வேலை செய்ய ரத்தமும் சதையுமான மனிதனால் ஆகாது என்று கண்டு, எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட் போட்டார். அதை எழுதியும் வைத்தார். உற்பத்தி விழவில்லை. மற்ற ஆலைகளை மிஞ்சியது. கார்னகி பங்கு தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லி, சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். ஆண்டுக்கு 25,000 டாலர் கிடைத்தது. ஆனால் மற்ற முதலாளிகள் யாரும் எட்டு மணிக்கு வரவில்லை. போட்டிக்காரன் இரண்டு ஷிப்டில் ஓட்டும்போது நான் மட்டும் மூன்று ஷிப்டுக்குக் கூலி கொடுக்க முடியாது என்றார் கார்னகி. 1888 இல் பன்னிரண்டு மணி திரும்பியது. மறு ஆண்டு நூலகம் வந்தது.

அந்த 1889 பிட்ஸ்பர்க்குக்குக் கொடிய ஆண்டு. மே 31 அன்று, மலைமேல் இருந்த சவுத் ஃபோர்க் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரை அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் 2,209 பேர். அந்த ஏரி பிட்ஸ்பர்க் பணக்காரர்கள் மீன்பிடித்து இளைப்பாறும் சங்கத்துக்குச் சொந்தமானது. கார்னகியின் தொழில் கூட்டாளி ஹென்றி கிளே ஃபிரிக், வங்கியாளர் ஆண்ட்ரூ மெலன், கார்னகி எல்லோரும் உறுப்பினர்கள். அணையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நீதிமன்றத்தில் ஒருவர் மீதும் பொறுப்பு விழவில்லை. கேப்டன் ஜோன்ஸ் தன் ஆலை ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஜான்ஸ்டவுனுக்கு ஓடினார். முன்பு அங்கே வேலை பார்த்தவர், அவருக்கு அது பழகிய ஊர். செப்டம்பரில் பிராடக்கில் ஓர் ஊதுலை வெடித்தது. உலை முன்னால் நின்ற ஜோன்ஸ் தீக்காயத்தில் இறந்துபோனார்.

ஜோன்ஸ் போன பிறகு ஆலைகளின் பிடி முழுவதும் ஃபிரிக் கையில். நிலக்கரியைச் சுட்டு உலைக்கான எரிபொருளாக்கும் கோக் அடுப்புகளில் பணம் சேர்த்த மனிதர் அவர். தொழிற்சங்கம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. 1892 இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் ஒப்பந்தம் முடிகிற நேரம். ஆலையைச் சுற்றி முள்கம்பியோடு உயரமான வேலி எழுப்பினார். தொழிலாளர்கள் அதை ‘ஃபிரிக் கோட்டை’ என்றார்கள். பிறகு கதவடைப்பு. அங்கே வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 3,800 பேர். திறன் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர்கள் அதில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் சங்கத்தில் இடமே இல்லாத மூட்டை தூக்குகிறவர்களும் கிழக்கு ஐரோப்பியக் கூலிகளும் சேர்ந்து நின்றார்கள்.

ஜூலை 6 விடிவதற்கு முன், 300 பிங்கர்ட்டன் ஆட்களை இரண்டு படகுகளில் ஏற்றி மனாங்கஹீலா வழியாகக் கொண்டுவந்தார்கள். செய்தி முந்திக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். பகல் முழுக்கச் சண்டை. இரு பக்கமும் சேர்ந்து குறைந்தது பத்து உயிர் போனது. மாலையில் பிங்கர்ட்டன்கள் சரணடைந்தார்கள். சில நாட்களில் ஆளுநர் 8,500 படைவீரர்களை அனுப்பினார். அவர்கள் பாதுகாப்பில் கருங்காலிகள் உள்ளே போனார்கள். நவம்பரில் எல்லாம் முடிந்தது.

அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற இளைஞர் நியூயார்க்கிலிருந்து வந்து ஃபிரிக்கை அலுவலகத்திலேயே சுட்டார், குத்தினார். அவருக்கும் சங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஃபிரிக் பிழைத்துக்கொண்டார். ஊராரின் அனுதாபம் சங்கத்தை விட்டு நகர்ந்தது.

கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் விடுமுறையில் இருந்தார். தொழிலாளி சங்கம் சேர்வது அவன் உரிமை, அடுத்தவன் வேலையைப் பறிக்கக் கூடாது என்று 1886 இல் கட்டுரை எழுதியவர். ஃபிரிக் என்ன செய்யப்போகிறார் என்பது தெரிந்தேதான் கப்பலேறினார். ஹோம்ஸ்டெட்டுக்கும் 1898 இல் ஒரு நூலகம் வந்தது. குன்றின்மேல் அழகான கட்டடம், இசையரங்கு, நீச்சல்குளம். அதைப் பார்த்து நிற்கும்போது எனக்குக் கோபமும் மரியாதையும் சேர்ந்தே வந்தன. இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சங்கம் உடைந்தபின் வந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை 1907, 1908 ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கில் நடந்த பெரிய சமூக ஆய்வு வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருக்கிறது. உலை அணையக் கூடாது என்பதால் பலருக்கு வாரத்தில் ஏழு நாளும் வேலை. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் இடம் மாறும் நாளில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு குழு 24 மணி நேரம் தொடர்ச்சியாக நிற்க வேண்டும். அதற்குப் பெயர் ‘நீண்ட முறை’. மார்கரெட் பயிங்டன் ஹோம்ஸ்டெட் பெண்களின் வீட்டு வரவுசெலவை எழுதினார்: வாடகை, இறைச்சி, கரி, சவ அடக்கக் காப்பீடு. நூலகத்தைப் பற்றிக் கேட்டபோது, அதைக் கட்டியதற்குப் பதில் கூலியைக் கூட்டியிருக்கலாம் என்றுதான் அவருக்குப் பதில் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் உலை முன் நின்றுவிட்டு வருகிறவர் புத்தகத்தை எப்போது திறப்பார்?

அதே ஆய்வில் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் விபத்துகளை எண்ணினார். 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை, பிட்ஸ்பர்க் அடங்கிய அலகேனி மாவட்டத்தில் மட்டும் வேலையிடத்தில் இறந்தவர்கள் 526 பேர். அதில் 195 பேர் எஃகு ஆலைத் தொழிலாளர்கள். ஓராண்டில், ஒரே மாவட்டத்தில். இறந்த குடும்பஸ்தர்களின் வீடுகளில் பாதிக்கு மேல் முதலாளியிடமிருந்து பெற்றது 100 டாலரோ அதற்கும் குறைவோ. தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று அதுவரை சொல்லப்பட்டுவந்ததை அவர் ஒவ்வொரு விபத்தாக எடுத்து மறுத்தார். 1910 இல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த இழப்பீட்டுச் சட்டத்தில் அவருடைய உழைப்பு இருக்கிறது. பிட்ஸ்பர்க்கின் புகழ்பெற்றவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் இந்த இரண்டு பெண்களின் பெயரும் கார்னகிக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பது என் கட்சி.

வேறு மாதிரியும் தொழில் நடத்த முடிந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதே ஊர், அதே காலம். 1869 இல், 22 வயதில், ரயிலுக்குக் காற்றழுத்த பிரேக் கண்டுபிடித்து உரிமம் வாங்கினார். அதற்கு முன் பிரேக்காரர்கள் ஓடும் ரயிலின் கூரைமேல் ஏறி, பெட்டி பெட்டியாகத் தாவி, கையால் சக்கரம் திருகி வண்டியை நிறுத்தினார்கள். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். தன் ஆலையில் சனிக்கிழமை அரை நாள் விடுப்பு கொடுத்தார் வெஸ்டிங்ஹவுஸ்; அது அந்தச் சுற்றுவட்டாரத்தில் கேள்விப்படாத வழக்கம். 1888 இல் நிகோலா டெஸ்லாவின் மாறுதிசை மின்சார உரிமங்களை வாங்கி, அவரையே பிட்ஸ்பர்க்குக்கு வரவழைத்தார். 1893 சிகாகோ கண்காட்சி அந்த மின்சாரத்தில்தான் ஒளிர்ந்தது. 1907 நிதி நெருக்கடியில் தன் மின்சாரக் கம்பெனியின் பிடியை இழந்தார். கார்னகியோ 1901 இல் எல்லாவற்றையும் வங்கியாளர் ஜே.பி. மார்கனுக்கு 480 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டு நூலகம் கட்டப் போய்விட்டார். அந்த விற்பனையில் பிறந்தது யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம்.

எட்டு மணி நேரம் திரும்பி வர 35 ஆண்டு ஆனது. 1919 இல் நாடெங்கும் மூன்றரை லட்சம் எஃகுத் தொழிலாளர்கள் அதற்காக வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். 1923 இல், ஜனாதிபதி ஹார்டிங்கின் நெருக்குதலுக்குப் பிறகு, யு.எஸ். ஸ்டீல் பன்னிரண்டு மணி ஷிப்டைக் கைவிட்டது. 1937 மார்ச்சில் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது: எட்டு மணி நேர நாள், 40 மணி நேர வாரம்.

அந்த நேரம் கிடைத்தபின் ஊர் என்ன செய்தது என்பதை யாராவது விரிவாக எழுத வேண்டும். நான் இரண்டு பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் ஓவியர் ஆண்டி வார்ஹால். 1928 இல் பிறந்தவர். பெற்றோர் கார்பாத்திய மலைப்பகுதியிலிருந்து வந்த ருசின் இனத்தவர். அப்பா உடலுழைப்பால் குடும்பம் காத்தவர். கார்னகி அருங்காட்சியகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இலவச ஓவிய வகுப்பு நடந்தது. வார்ஹால் கோடு போடக் கற்றது அங்கே. 1942 இல் அப்பா இறந்தபோது விட்டுப்போன சேமிப்பு, இளைய மகனின் கல்லூரிப் படிப்புக்கு என்று ஒதுக்கி வைத்தது. கார்னகி பெயரிலேயே இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, 1949 இல் நியூயார்க் போனார்.

இன்னொருவர் நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன். 1945 இல் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பர் குடியிருப்பில் பிறந்தார். தாயார் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளியில் நெப்போலியனைப் பற்றி வில்சன் எழுதிய கட்டுரையை, இது நீ எழுதியதாக இருக்க முடியாது என்று ஆசிரியர் சந்தேகப்பட்டார். பதினைந்து வயதுப் பையன் பள்ளியை விட்டு வெளியேறினான். அம்மாவிடம் சொல்லாமல், பள்ளி நேரம் முழுவதும் ஓக்லண்டில் இருந்த கார்னகி நூலகத்தில் உட்கார்ந்து படித்தான். பிறகு இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள். ஒன்பது அந்தக் குடியிருப்பிலேயே நடப்பவை. புலிட்சர் பரிசு இரு முறை. கார்னகி நூலகம் பின்னாளில் அவருக்குப் பள்ளிப் பட்டயம் வழங்கிக் கௌரவித்தது. கார்னகி எண்ணிய நூலகம் இதுதான். அதற்கு ஒரு மனிதனின் பகல் பொழுது தேவைப்பட்டது.

அவர் வளர்ந்த தெருக்கள் பல இப்போது இல்லை. 1950களில், நகரைப் புதுப்பிக்கிறோம் என்று ஹில் பகுதியின் கீழ்ப்பாதியை இடித்தார்கள். ஏறக்குறைய 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே கட்டிய விளையாட்டு அரங்கமும் பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. அப்போதைய மேயர் டேவிட் லாரன்ஸ் காலத்தில்தான், நடுப்பகலில் தெருவிளக்கு எரிய வேண்டியிருந்த ஊரின் புகை அடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றின் மேல்பக்கத்து டோனோராவுக்கு அந்த நன்மை எட்டவில்லை. 1948 அக்டோபர் கடைசியில், துத்தநாக ஆலையின் புகை பனிமூட்டத்தில் சிக்கி ஊர்மேல் கவிந்தது. 20 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். சனிக்கிழமை ஊரில் கால்பந்தாட்டம் நடந்தது. ஆலை ஞாயிறு காலைவரை ஓடியது.

1980களில் எஃகு விழுந்தது. இறக்குமதி, பழைய இயந்திரங்கள், முதலீட்டை வேறு தொழில்களுக்குத் திருப்பிய நிர்வாகம் என்று காரணம் பல. ஹோம்ஸ்டெட் 1986 இல் மூடப்பட்டது. 1950 இல் 6,76,806 பேர் இருந்த பிட்ஸ்பர்க்கில் 2020 இல் 3,02,971 பேர். யு.எஸ். ஸ்டீல் தன் எஃகைக் காட்டவே கட்டிய 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் இப்போது ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெயர்ப்பலகை ஒளிர்கிறது. ஊரின் பெரிய முதலாளி இன்று அதுதான். ஹோம்ஸ்டெட் ஆலை நின்ற இடத்தில் வணிக வளாகம். திரையரங்குக்குப் பக்கத்தில் பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். 1892 சண்டை நடந்த கரையில் பழைய பம்ப் அறை இருக்கிறது. வளாகத்துக்கு வரும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நான் போனபோது அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

எட்கர் தாம்சன் ஆலை மட்டும் 1875 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் நின்றால் கந்தக வாடை அடிக்கும். பிராடக்கில் இன்று இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. ஊர் மருத்துவமனை 2010 இல் மூடப்பட்டது. நூலகம் 1970களில் இடிபட இருந்து, அங்கே கடைசியாக நூலகராக இருந்தவரின் பிடிவாதத்தால் தப்பி, மீண்டும் திறந்தது. 2025 ஜூனில் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் யு.எஸ். ஸ்டீலை முழுதாக வாங்கியது. இந்தப் பள்ளத்தாக்கு ஆலைகளில் பெருமளவு முதலீடு செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 11 காலை, பிராடக்கின் உலைகளுக்குக் கோக் அனுப்பும் கிளேர்ட்டன் ஆலையில் வெடிப்பு. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் காயம்பட்டார்கள். கிரிஸ்டல் ஈஸ்ட்மன் எண்ணத் தொடங்கிய அதே மாவட்டத்தில்.